பதினான்காவது நிமிடம்

என் அத்தானைத் தெரிந்தவர்களிடம் கேட்டால் எல்லோரும் அவருடைய பொறுமையைப் பற்றித்தான் சொல்வார்கள். முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு கதவை உதைத்துக் கத்துகிறவர்களை, வெளியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேசிப் பேசியே அடக்கிவிடுவார். "உதைக்காதீங்க சார், அதுக்கும் வலிக்கும்ல," என்பார். உள்ளே இருப்பவர் சிரித்துவிடுவார். சிரித்தவர் அப்புறம் உதைக்க மாட்டார்.

அதே மனிதரை ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு என் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கழுத்து நரம்பு புடைக்க, விரலை என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு, "உனக்குக் காது இருக்கா இல்ல கண்ணாடி மாட்ட வச்சிருக்கியா?" என்று கத்துவார். நானும் சளைத்தவன் இல்லை. எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று ஊரே சொல்லும். கண்ணாடி விற்கிறவனுக்கு அங்கேதான் கோபம் இருக்கும் என்று அத்தான் சொல்வார்.

சண்டை எதைப் பற்றி என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்களில் யாரும் போயிராத ஒரு தேசத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்த ஒரு ராக் இசைக்குழு. புரோக்ரெசிவ் ராக் என்பார்கள். மூன்று நிமிடத்தில் முடிய வேண்டிய பாட்டை இருபது நிமிடம் இழுப்பார்கள். தாளத்தை ஊரெல்லாம் நான்கில் போட்டால் இவர்கள் ஏழில் போடுவார்கள். நடுவில் ஆர்கன் வாசிக்கிறவர் பாட்டை விட்டுவிட்டுக் கால் போன போக்கில் எங்கோ போய், யாரும் கூப்பிடாமலே திரும்பி வருவார். இந்தக் குழுவுக்கு மூன்று காலங்கள். முதல் காலத்தில் நான்கு இசைத்தட்டுகள். பிறகு பாடகரும் ட்ரம்மரும் விலகி வேறு இருவர் சேர்ந்தார்கள். அது நடுக்காலம், மூன்று தட்டுகள். அதற்கப்புறம் தலைமுடியை வெட்டிக்கொண்டு, சின்னச் சின்னப் பாட்டாகப் போட்டுப் பிழைத்தார்கள். அது கடைசிக் காலம். இந்த மூன்றில் எது சிறந்தது? இதுதான் சண்டை. இதற்காகவா இருபத்தெட்டு வருடம் என்று என் மனைவி கேட்பாள். இதற்காகத்தான்.

நாங்கள் நான்கு பேர். அத்தான் முதல் காலம். நான் நடுக்காலம். பொய்ப்பல் கட்டுகிற ஒருவர் உண்டு. நாங்கள் அவரைப் பல்செட் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கொஞ்சமும் வெட்கமில்லாமல் கடைசிக் காலம். நான்காவது ஆள் டீச்சர். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுப்பவர். மேடையில் வாசித்துப் பதிவான தட்டுகள் மட்டும்தான் கணக்கில் சேரும், மற்றதெல்லாம் அறைக்குள் பூட்டிக்கொண்டு செய்த பித்தலாட்டம் என்பது அவருடைய கட்சி. லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்துக்கும் அலமாரிக்கும் நடுவே நான்கு நாற்காலி போட்டால் பின்னறையில் கால் நீட்ட இடம் இருக்காது. கால் நீட்ட இடம் இருந்திருந்தால் இவ்வளவு சண்டை வந்திருக்காது என்று டீச்சர் சொல்வதுண்டு.

அத்தான் அந்த இசையைக் கண்டுபிடித்த கதையை அவர் வாயால் நூறு தடவை கேட்டிருக்கிறேன். இருபத்து மூன்று வயதில், ஒரு பழைய அடுக்குமாடியில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாராம். நான்காவது மாடிச் சுவருக்குள்ளிருந்து பாட்டு வந்திருக்கிறது. முடியும் முடியும் என்று பார்த்தால் முடியவே இல்லை. ஒரு நாள் வேலையை மூன்று நாளாக இழுத்தார். குடியிருந்தவர்கள் மூன்று நாளும் படியேறித் திட்டினார்கள். மூன்றாம் நாள் பொறுக்க மாட்டாமல் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த ஆள் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தான். "உனக்கு வேணுமா? எடுத்துட்டுப் போ. கேட்டுக் கேட்டு என் பொண்டாட்டி போயிட்டா," என்று நான்கு தட்டுகளையும் கையில் கொடுத்துவிட்டானாம். எண்ணெய்க் கையோடு வாங்கியதில் முதல் தட்டின் அட்டையில் பெருவிரல் தடம் விழுந்துவிட்டது. இன்றும் இருக்கிறது.

அக்காவைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவர் கொண்டுவந்த சாமான்களில் எனக்குப் பிடித்தது அந்த நான்கு தட்டுகள்தான். எனக்கு அப்போது பத்தொன்பது. அவருக்கு நான் பெண்டாட்டியின் தம்பி. கேட்டால் மறுக்க முடியாது. பிறகு என் கைக்காசில் நடுக்காலத் தட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போய் அவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். "நல்லா வாசிக்கிறாங்க. அவ்வளவுதான்," என்றார். அந்த 'அவ்வளவுதான்' எனக்குச் சுருக்கென்று தைத்தது. சண்டை அன்று ஆரம்பித்தது.

எல்லாச் சண்டையும் சுற்றி வளைத்து ஓர் இடத்தில்தான் வந்து நிற்கும். முதல் தட்டின் இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்திரண்டு நிமிடம். பதினான்காவது நிமிடத்தில் ஆர்கன் ஓய்கிறது. ஏழு எண்ணி, மறுபடி ஒன்றில் ட்ரம் விழ வேண்டும். விழாது. ஒரே ஓர் அடி. அந்த இடத்தில் ஐந்து பேரும் மௌனம். அடுத்த அடியில் எல்லோரும் ஒன்றாக வந்து விழுவார்கள்.

"அவனுக்காக நின்னாங்கடா," என்பார் அத்தான். "ஒருத்தன் விட்டுட்டான். மத்த நாலு பேரும் அவனை விட்டுட்டுப் போகல பாரு. இந்த ஒரு அடிக்காகத்தான் இந்தக் குழுவே."

"தூங்கிட்டான் அத்தான். அவன் அடிக்காததுல மத்த நாலு பேரும் எங்க சேர்றதுன்னு தெரியாம முழிச்சாங்க. அதைப் போய் தட்டுல போட்டாங்க பாருங்க, அதுதான் கூத்து."

நடுக்காலத்தில் புது ட்ரம்மர் அதே பாட்டை மேடையில் வாசித்தபோது அந்த அடியை ஒழுங்காக அடித்தான். திருத்திவிட்டான் என்பேன் நான். கொன்றுவிட்டான் என்பார் அத்தான். நடுக்காலமா முதல் காலமா என்ற எங்கள் இருபத்தெட்டு வருட வழக்கு, உள்ளே பார்த்தால், அந்த ஓர் அடியைப் பற்றிய வழக்குதான். ஒவ்வொரு ஞாயிறும் அந்தத் தட்டு ஓடும். அந்த இடம் வரும்போது அத்தான் வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்குவார். விரல் மேலே போனதும் நான், "தூங்கிட்டான்," என்று சொல்ல வேண்டும். சொல்லாத ஞாயிறு கிடையாது. எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் நாள் ஒரு ஞாயிறு வந்தது. அன்றும் போய்ச் சொன்னேன்.

அத்தானுக்கும் அக்காவுக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசியும் நான் கேட்டதில்லை, பேசாமல் தவித்தும் பார்த்ததில்லை. இரண்டு அறை வீடு. ஏழாவது மாடி. லிஃப்ட் கெட்டுப்போனால் அந்தக் கட்டடத்துக்காரர்கள் கம்பெனிக்குப் போன் செய்வதில்லை, நேராக அக்காவிடம்தான் வந்து நிற்பார்கள். அக்கா கதவைத் திறந்தபடியே உள்ளே பார்த்து, "ஏங்க, உங்க இன்னொரு பொண்டாட்டி நின்னுட்டாளாம்," என்பாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

போன வருடம் மழை முடிகிற சமயம் அவருக்கு வயிற்றில் ஒரு வலி வந்தது. அது முதுகுக்குப் போனது. பிறகு சாப்பாடு குறைந்தது. லிஃப்டின் மோட்டார் அறைக்கு ஏறுகிற இரும்பு ஏணியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார் என்று கூட வேலை செய்கிறவர் அக்காவிடம் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். படம் எடுத்தார்கள், ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். கணையத்தில் புற்றுநோய், ஈரல் வரைக்கும் போய்விட்டது, அறுத்து எடுத்துப் பயனில்லை என்று டாக்டர் நடைபாதையில் நின்று சொன்னார். ஆறு மாதம் என்றார். நாலு என்று நினைத்துக்கொண்டு ஆறு என்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உள்ளே அத்தான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கதவு அரைகுறையாகத் திறந்திருந்தது. அக்கா போய் அதை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தாள்.

"அவர்கிட்ட அல்சர்னு சொல்லுங்க டாக்டர்," என்றாள்.

அவள் அழவில்லை. அப்படிச் சொல்லச் சொன்னதற்கு அவளுக்குக் காரணம் இருந்தது. அத்தானுடைய அப்பாவுக்கும் இதே மாதிரி ஒன்று வந்தபோது, மனிதர் திடமானவர் என்று நினைத்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார்கள். சொன்ன அன்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் அப்புறம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நாற்பது நாள். அக்கா புது மருமகளாக வந்து அந்த முதுகுக்குத்தான் கஞ்சி ஊட்டினாள்.

"இவரும் அப்படித்தான்டா. அப்படியே உரிச்சு வச்ச மாதிரி. தெரிஞ்சா அன்னிக்கே போயிடுவார்," என்று பஸ் நிறுத்தத்தில் வைத்து என்னிடம் சொன்னாள். "இருக்கிற வரைக்கும் எனக்கு அவர் அவரா இருக்கணும். வேலைக்குப் போகணும், உன்னோட சண்டை போடணும், வந்து என்கிட்ட உன்னைப் பத்திக் கோள் சொல்லணும். அது போதும். நீ வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லு."

"திறக்க மாட்டேன்கா."

"என் தலைல கை வச்சுச் சொல்லு."

பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பார்த்தார்கள். நான் அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

பல்செட்டுக்கும் டீச்சருக்கும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மனிதர் வாரா வாரம் இளைத்துக்கொண்டே வந்தால் அவர்களே எதையாவது கேட்டு வைப்பார்கள். ஒரு புதன்கிழமை இருவரையும் கடைக்கு வரவழைத்து விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பல்செட் அலமாரியைப் பார்த்தபடி, "இப்ப நாம என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணக் கூடாது. எப்பவும் போல சண்டை போடணும். யாராவது இரக்கப்பட்டீங்க, தொலைச்சுடுவேன்," என்றேன். அதிகாரம் தூள் பறந்தது.

அடுத்த ஞாயிறு பல்செட் கொஞ்சம் ஓவராகவே போய்விட்டார். கடைசிக் காலத்துக்காக அவர் போட்ட கூச்சலில் பக்கத்துத் தையல்கடைக்காரர் கையில் கத்திரிக்கோலோடு ஓடி வந்தார். டீச்சர் நடுவில் எழுந்து கை கழுவப் போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்து, லென்ஸ் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்றார். அத்தானுக்கு ஒரே குஷி. "இன்னிக்குத்தான்டா எல்லாருக்கும் ரத்தம் ஓடுது," என்றார். பல்செட்டின் முதுகில் ஓர் அறை விட்டார். கையில் பலமே இல்லை. பல்செட் ரொம்ப வலித்ததுபோல முதுகைத் தேய்த்துக்கொண்டார். நான் பயந்த அளவுக்கு இல்லை, இவர்கள் தாங்குவார்கள் என்று தெம்பு வந்தது.

அப்படி ஆறு ஞாயிறு போயிற்று. அத்தான் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார். பெல்ட்டில் தானே ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டார். அடுத்து இன்னொன்று. அல்சர் மாத்திரை என்று அக்கா கொடுத்த வலி மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு, "இந்த அல்சருக்கு வேற வேலை இல்ல போல," என்பார். அக்கா அவருடைய சட்டைகளை எல்லாம் எடுத்து இரவோடு இரவாகப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்தாள், தொளதொளப்பு அவர் கண்ணில் படக் கூடாதென்று. இவ்வளவு பொய்யை இவ்வளவு ஒழுங்காக ஒரு குடும்பம் செய்ய முடியும் என்று நான் நினைத்ததில்லை. சில நாள் எனக்கே அது அல்சர்தான் என்று தோன்றும்.

ஏழாவது ஞாயிறு அவர் படியேறி வரத் தாமதமானது. நாற்காலியில் உட்கார்ந்தபோது நெற்றியில் வியர்வை. டீச்சர் தண்ணீர் கொடுத்தார். பாதி குடித்தார். "போடு," என்றார். நான் முதல் தட்டின் இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். அட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எண்ணெய்த் தடம் இருக்கிற இடத்தில் பெருவிரலை வைத்துப் பார்த்தார். முன்பெல்லாம் சரியாகப் பொருந்தும். அன்று விரலைச் சுற்றிக் கறை வெளியே தெரிந்தது.

ஆர்கன் ஓய்ந்தது. அத்தான் உதட்டை அசைத்து ஏழு எண்ணினார். விரலைத் தூக்கினார். தூக்கியபோது கைக்கடிகாரம் மணிக்கட்டிலிருந்து சரிந்து முழங்கைக்குப் போய் நின்றது. அந்தக் கையைப் பார்த்தேன். லிஃப்ட் கதவை ஒற்றைக் கையால் பிளந்து பிடிக்கிற கை அது. அந்த ஓர் அடி மௌனம் வந்தது. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். இருபத்தெட்டு வருடப் பழக்கம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"காத்திருக்காங்க அத்தான்," என்றேன். "நீங்க சொல்றதுதான் சரி. அவனுக்காகத்தான் நின்னிருக்காங்க."

அன்பு பொங்கி வந்ததில் வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது. அவர் சந்தோஷப்படுவார் என்றுகூட அந்த ஒரு விநாடி நினைத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

விரல் கொஞ்ச நேரம் அப்படியே மேலே நின்றது. பிறகு கீழே வந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் என்னைப் பார்த்தார். பல்செட்டைப் பார்த்தார். பல்செட் சட்டென்று, "அதெப்படி, நான் ஒத்துக்க மாட்டேன்," என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். டீச்சர் குனிந்துகொண்டார். அத்தான் மறுபடி என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை. உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற அந்தக் குரல்.

"எத்தனை மாசம் சொன்னாங்க மச்சான்?"

அத்தான் எழுந்துபோய் ஊசியைத் தூக்கி வைத்தார். தட்டை உறைக்குள் போட்டு, உறையை அட்டைக்குள் போட்டு, அலமாரியில் அதன் இடத்தில் செருகினார். பாட்டு முடியாமல் அவர் தட்டை எடுத்து நான் பார்த்ததே இல்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, "அக்காவுக்கு, எனக்குத் தெரியும்னு தெரிய வேண்டாம். பாவம், சட்டை எல்லாம் தைச்சு வச்சிருக்கா," என்றார்.

அவர் நடிக்க முயன்றார் என்றுதான் நம்புகிறேன். திங்கட்கிழமை வேலைக்குப் போனார். செவ்வாய்க்கிழமையும் போனார். புதன்கிழமை தன் கருவிப் பையைக் கொண்டுபோய்க் கூட வேலை செய்கிறவரிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தார். அக்கா எனக்குப் போன் செய்தாள். நான் போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டிருந்தது. அந்த முதுகு அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த முதுகு.

"யார்டா சொன்னா?" என்று என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கேட்டாள்.

"யாரும் சொல்லலைக்கா."

அதில் பொய் இல்லை. யாரும் எதையும் சொல்லவில்லைதான். இப்படி வக்கீல் மாதிரி யோசித்துத்தான் அந்த நிமிடத்தைத் தள்ளினேன்.

"அந்தப் பல்லுதான். எனக்குத் தெரியும். அந்த ஆளுக்கு வாய் நிக்காது. அடுத்தவங்க வாயிலேயே கையை விட்டுட்டு இருக்கிறவன்தானே," என்றாள். "இனிமே இந்த வீட்டுப் பக்கம் அந்த ஆள் வரக் கூடாது. சொல்லிடு."

நான்தான் அக்கா என்று சொல்லியிருக்கலாம். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு, சரி என்றேன். அன்று சாயங்காலமே பல்செட்டுக்குப் போன் செய்து, இப்போதைக்கு வர வேண்டாம் என்று அக்கா சொல்கிறாள் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "நான்னு நினைச்சுக்கிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு அவரே, "சரி, பரவாயில்ல, அப்படியே இருக்கட்டும்," என்றார். இந்த மனிதரை இருபது வருடம் ரசனை கெட்டவர் என்று திட்டியிருக்கிறேன்.

அடுத்த ஐந்து வாரமும் நான் தினம் கடையைத் திறக்குமுன் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். அவர் அப்பாவைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, கூப்பிட்டால் திரும்புவார். ஆனால் திரும்பிய முகத்தில் ஒன்றும் இருக்காது. கட்டடத்து லிஃப்ட் ஒரு நாள் நின்றுபோனது. வழக்கம்போல அக்காவிடம் வந்து நின்றார்கள். அவள் உள்ளே பார்த்தாள், பிறகு கம்பெனி நம்பரைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். இரண்டு நாள் நான் ஏழு மாடி ஏறி இறங்கினேன். ஏறுகிற போதெல்லாம் ஒன்றைத்தான் யோசித்தேன். சொன்னதைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். அவரை மறுபடி கோபப்பட வைத்துவிட்டால், ஒரு நாளாவது விரலை நீட்டி என்னைத் திட்ட வைத்துவிட்டால், அக்கா கேட்டதில் ஒரு துளியாவது அவளுக்குத் திரும்பக் கிடைக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. அக்கா கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். ஜன்னல் வெயில் கட்டில் கால்வரை வந்திருந்தது. நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தேன்.

"அத்தான், அன்னிக்கு நான் சொன்னது பொய்."

அவர் கண்ணைத் திறந்தார்.

"அவன் தூங்கிட்டான்தான். யாரும் யாருக்காகவும் காத்திருக்கல. முதல் காலமே சுத்த வேஸ்ட். நாலு தட்டும் வேஸ்ட். வாசிக்கத் தெரியாதவங்க வாசிச்சு, கேட்கத் தெரியாதவங்க கேட்டது. என்ன, பேச்சையே காணோம்?"

இரண்டு வாரம் மனப்பாடம் செய்த வசனம். அந்த நாலு தட்டும் வேஸ்ட் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. என் குரல் எனக்கே நாராசமாக இருந்தது. அத்தான் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். உதடு காய்ந்திருந்தது. ஈரத் துணியை வைத்தேன்.

"ஆமாடா," என்றார். "தூங்கிட்டான்தான்."

"அத்தான், அப்படிச் சொல்லாதீங்க. என்னைத் திட்டுங்க."

"எதுக்குத் திட்டணும்? படுத்துக்கிட்டு அதைத்தான் எண்ணிப் பார்த்துட்டு இருக்கேன். நூறு தடவை எண்ணிட்டேன். நீதான் கரெக்ட். அவன் அடிக்க விட்டுட்டான். மத்தவங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' இருபத்தெட்டு வருடம் கழித்து மறுபடி என்னிடம் வந்தது. என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாரா, எனக்குத் தெரியவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாரோ என்னவோ, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் பின்னறையில் அன்று நான் அவருக்குச் செய்தது என்ன என்பது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. இனி உன்னோடு வழக்கு இல்லை என்று ஒரு மனிதன் நம்மிடம் சொன்னால் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லை அத்தான், காத்திருந்தாங்க, நிஜமா காத்திருந்தாங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் கையை உருவிக்கொள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. சரிடா, சரிடா என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை போய்விட்டார்.

எல்லோரும் வந்துபோய் வீடு ஓய்ந்த ஒரு பகலில், அக்கா அந்த நான்கு தட்டுகளையும் ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். எனக்கு இது எதுக்குடா, நீயே வச்சுக்கோ என்றாள். தைத்துச் சிறிதாக்கிய சட்டைகள் மேஜைமேல் மடித்து இருந்தன. யாருக்கும் கொடுக்க முடியாது, அந்த அளவுக்கு யாரும் இல்லை என்றாள்.

"அந்த வெள்ளிக்கிழமை நான் மருந்து வாங்கப் போனப்ப, உன்கிட்ட ஏதாவது பேசினாரா?" என்று கேட்டாள். "என்கிட்ட கடைசியா தண்ணி கேட்டதோட சரி."

"பேசினார்கா."

"என்ன பேசினார்?"

"சண்டைதான். முதல் காலம்தான் பெரிசுன்னார். எனக்குக் காதே இல்லைன்னார். விரலை நீட்டித் திட்டினார்."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் முகம் தளர்ந்தது. சிரிப்பு என்றே சொல்லலாம்.

"அப்ப அவர் அவராத்தான் இருந்திருக்கார்," என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசிலயாவது இருந்திருக்கார். அந்தப் பல்லு மட்டும் வாயை மூடிட்டு இருந்திருந்தா, முழுசா அஞ்சு வாரமும் இருந்திருப்பார்டா."

"ஆமாக்கா," என்றேன். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் படியிலேயே வந்தேன்.